வாடகை வீட்டாரும் பொருட்காப்பீடும்



சென்னை நடுவண் நிலையத்தில் இரயிலேறி மேற்கு நோக்கிச் செல்வோர், வில்லிவாக்கம் கடந்ததும் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என நிலையங்கள் அடுத்தடுத்து வரக் காண்பர். இவ்வூர்களுக்கு ஊரோடு ஒட்டிய ஏரிகளும் உண்டு. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, தெற்கே அயப்பாக்கம் ஏரி, போரூர் ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் கடல் போலப் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றை நம் முன்னோர் நெல் விளைவதற்காகவே வெட்டிக் காத்தனர். ஏரிக்குக் கீழே உள்ள நிலம் ஆயக்கட்டு எனப்பட்டது. ஆயக்கட்டில் நீர் நின்றால் உழவன் மகிழ்வான். இன்று அதே ஆயக்கட்டில் நிற்பவை வீடுகள்.

1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. இவற்றை நாடித் தமிழகத்தின் நான்கு திசைகளினின்றும் மக்கள் வந்தனர். வந்தவர்கள் முதலில் தேடியது வாடகை வீடு. நானும் அவ்வாறு வந்த ஆசிரியன்தான். ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியேற்று, தலைமையாசிரியனாக ஓய்வு பெறும் வரையில் பெரும்பாலும் வாடகை வீடுகளிலேயே என் வாழ்க்கை கழிந்தது. ஆகவே இன்று நான் பேசப் புகும் பொருள், நூலில் படித்தது பாதி, பட்டறிந்தது பாதி.

2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் இரவை இந்தப் பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அன்று ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் ஏறத்தாழ 47 செண்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் பாய்ந்தது. அதனைப் பற்றி எழுந்த வாதங்கள் நாடறிந்தவை. நாங்கள் குடியிருந்த தெருவோ அடையாற்றங்கரையில் இல்லை. அம்பத்தூருக்கு அருகே, வேறொரு ஏரியின் கலங்கல் நீர் ஓடும் வழியில் இருந்தது. எங்களுடையது தரைத்தளம். நள்ளிரவில் கழிவறைத் துவாரத்தின் வழியே முதலில் நீர் வந்தது. பிறகு வாயில் வழியே வந்தது. விடிவதற்குள் கட்டிலின் மேல் ஏறி நின்றது. நானும் என் மனைவியும் மாடி வீட்டாரிடம் அடைக்கலம் புகுந்தோம். மூன்று நாள் கழித்து இறங்கி வந்தபோது குளிர்ப்பெட்டி மல்லாந்து கிடந்தது. மெத்தைகள் சேறாகி இருந்தன. மர பீரோவின் கதவு உப்பித் திறக்க வரவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எழுதிய பாடக்குறிப்பேடுகளும், முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரி வினாத்தாள்களும் அதில் இருந்தன. அவை கூழாகிவிட்டன.

சில வாரங்கள் சென்றன. வீட்டுக்காரர் வந்து, சுவர் பூச்சுக்கும் கதவுகளுக்கும் மின்கம்பி மாற்றுவதற்கும் காப்பீட்டுத் தொகை வந்துவிட்டதென்றும், உடனே வேலையைத் தொடங்கப் போவதாகவும் கூறினார். அவர் வங்கிக் கடனில் வீடு கட்டியவர். வங்கியின் பொருட்டுக் கட்டடத்தைக் காப்பீடு செய்திருந்தார். எனக்கு ஒரு நப்பாசை. "எங்கள் சாமான்களுக்கும் அதில் ஏதேனும் உண்டா?" என்று தயங்கியபடியே கேட்டேன். அவர் நல்லவர். முகம் வாடி, "இல்லை சார், அது கட்டடத்துக்கு மட்டும்தான் சார். உங்க சாமானுக்கு நீங்கதான் எடுத்திருக்கணும்" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், அப்பொழுது எனக்குச் சினம் வந்தது. ஒரே வெள்ளம் ஒரே வீட்டினுள் புகுந்தது. அவருக்குத் தொகை வருகிறது, எனக்கு வரவில்லை. இது என்ன நீதி என்று எண்ணினேன். பின்னர் ஆற அமர ஆராய்ந்தபோது அவர் கூற்றே முறையெனக் கண்டேன். சுவருக்கு உரியவர் அவர், சுவருக்குள் இருக்கும் பொருளுக்கு உரியவன் நான். அவருடைய பாலிசியில் என் குளிர்ப்பெட்டி எங்ஙனம் இடம்பெறும்?

இந்தத் தவறான எண்ணம் என்னிடம் மட்டும் இருந்ததன்று. வாடகைக்குக் குடியிருப்போரில் பலர், கட்டடத்துக்கு வீட்டுக்காரரோ, அடுக்ககத்தின் சங்கமோ காப்பீடு செய்திருந்தால் தங்கள் பொருளும் அதில் அடங்கும் என்றே நம்புகின்றனர். வேறு பலர், சொந்த வீடு உடையவர்தாம் வீட்டுக் காப்பீடு செய்ய இயலும் என்று கருதுகின்றனர். இரண்டும் பிழை. கட்டடத்தை விடுத்து, உள்ளிருக்கும் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு செய்துகொள்ளக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் வாடகைக்கு விடுவோர் பலர், குடிவருவோர் இத்தகைய காப்பீடு செய்திருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றனர். நம் ஊரில் ஒப்பந்தத்தில் எழுதப்படுவது முன்பணம் ஒன்றுதான். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மாறான உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. பத்து மாத முன்பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் குடும்பம், அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தன் பொருளின் காப்புக்கெனச் செலவிடுவதில்லை.

காப்பீடு என்பது ஏதோ மேனாட்டார் கண்டுபிடித்த வணிகத் தந்திரம் என்று சிலர் கூறுவர். இலண்டன் மாநகரம் 1666-இல் தீக்கிரையான பிறகே அங்கே தீக்காப்பீட்டு நிலையங்கள் தோன்றின என்பது உண்மை. ஆயினும் அதன் கருத்து நமக்குப் புதிதன்று. என் இளமையில் எங்கள் சிற்றூரில் ஒருவர் கூரை எரிந்தால், வீட்டுக்கொரு கட்டு ஓலையும் இரண்டு மூங்கிலும் வந்து சேரும். நாலு நாளில் குடிசை எழும்பிவிடும். இன்று கொடுத்தவர் நாளை பெறுவார். அங்கே கணக்கேடு இல்லை, அவ்வளவே. ஆனால் அம்முறை செல்லுபடியாவதற்கு ஒன்று வேண்டும்: ஒருவர் வீடு எரியும்போது மற்றவர் வீடு எரியாதிருக்க வேண்டும். வெள்ளம் அப்படிப்பட்டதன்று. எங்கள் தெருவில் தரைத்தளத்தார் அனைவரும் ஒரே இரவில் இழந்தோம். எவர் எவருக்குக் கொடுப்பது? ஆகவேதான் மதுரையிலும் கான்பூரிலும் இருக்கும் இலட்சக்கணக்கானோர் தரும் சிறு தொகைகளிலிருந்து கொரட்டூரில் இழந்தவனுக்கு ஈடு செய்யும் பெரிய அமைப்பு தேவைப்படுகிறது.

அரசு உதவுமே என்பீர்கள். உதவியது, நன்றியோடு பெற்றுக்கொண்டோம். 2015 வெள்ளத்தின்போது நீர் புகுந்த வீடுகளுக்கு 5,000 ரூபாயும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போது குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும் வழங்கப்பட்டன. அடுப்பு மூட்டவும் துணி வாங்கவும் அவை உதவின. குளிர்ப்பெட்டி வாங்க அவை போதா.

இனி விலைக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்தியாவில் காப்பீட்டு விலையை ஒப்பிடுவதே வீண்வேலை. 1973 சனவரி முதல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமையாகி நான்கு நிறுவனங்களின் கீழ் வந்தது. அவற்றுள் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் தலைமையகம் நம் சென்னையிலேயே உள்ளது. தீக்காப்பீட்டின் விகிதங்களை ஒரு குழு வகுத்து அட்டவணையாக வெளியிடும். எந்த அலுவலகத்தின் படியேறினாலும் ஒரே விலைதான். 2000-க்குப் பின் தனியார் நிறுவனங்கள் வந்தன. 2007 சனவரி முதல் அந்த விகித அட்டவணையின் கட்டுப்பாடு நீங்கியது. அது முதல் நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடலாயிற்று. விலை மட்டுமா வேறுபட்டது? பாலிசியின் வாசகமும் வேறுபட்டது. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இராது. படித்தவர்க்கும் ஒப்பிடுதல் அரிதாயிற்று.

இக்குழப்பத்தை ஓரளவு நீக்கியது 2021 ஏப்ரல் முதல் நாளன்று வந்த ஒரு மாற்றம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், வீடுகளுக்கென 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரு பொதுப் பாலிசியை வகுத்து, இத்தொழில் நடத்தும் நிறுவனங்கள் அனைத்தும் அதனை விற்க வேண்டுமென விதித்தது. அதன் அடிப்படை வாசகம் எங்கும் ஒன்றே. விலை மட்டும் நிறுவனத்தின் விருப்பம். ஆகவே ஒரே சரக்கை நாலு கடையில் விலை கேட்பது போல இன்று கேட்கலாம். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் ஆகியவற்றால் வரும் இழப்புகளை அது ஏற்கிறது. நம் பகுதிக்கு இன்றியமையாத வெள்ளம் அடிப்படையிலேயே இருப்பது பெரும் நன்மை.

அதில் மற்றொரு நன்மையும் உண்டு. அதனை விளக்க ஒரு கணக்குப் போட வேண்டும். பழைய வாத்தியாரை நேயர்கள் பொறுத்தருள்க. ஒருவரிடம் 4 இலட்சம் ரூபாய்ப் பொருள் இருக்கிறது. அவர் சிக்கனம் கருதி 2 இலட்சத்துக்கே காப்பீடு செய்கிறார். வெள்ளத்தில் 1 இலட்சம் நட்டம். அவருக்குக் கிடைப்பது எவ்வளவு? 1 இலட்சம் என்றே வகுப்பில் எல்லோரும் கை தூக்குவர். பழைய முறைப்படி விடை 50,000 தான். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்குப் பாதி நட்டமே ஈடு என்பது அன்றைய விதி. புதிய பொதுப் பாலிசியில் இவ்விதி நீக்கப்பட்டுவிட்டது; காப்பீட்டுத் தொகையின் எல்லைக்குள் நட்டம் முழுவதும் கணக்கிடப்படும். ஆயினும், திருட்டு முதலியவற்றுக்காகத் தனியே சேர்க்கப்படும் பகுதிகளில் பழைய விதி ஒளிந்திருக்கலாம். கேட்டுத் தெளிக.

எவ்வளவுக்குக் காப்பீடு செய்வது என்பதே முதல் வினா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் செல்லுங்கள். வாங்கிய விலையை எழுதாதீர்கள். இன்று அதே போன்றது வாங்க என்ன ஆகும் என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, குளிர்ப்பெட்டி 25,000, சலவை எந்திரம் 20,000, தொலைக்காட்சி 25,000, கட்டில் மெத்தை 30,000, இரும்பு பீரோ 15,000, கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு, பாத்திரம் 25,000, மடிக்கணினி 45,000, வீட்டார் அனைவரின் துணிமணி 50,000, நூல்களும் சில்லறையும் 15,000. கூட்டினால் இரண்டரை இலட்சம். "எங்கள் வீட்டில் என்ன சார் இருக்கிறது, ஐம்பதாயிரம் தேறாது" என்று சொன்ன நண்பர் ஒருவர், இப்படி எழுதி முடித்தபின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணிமணியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பது நான் கண்ட செய்தி.

அடுத்து விலை கேட்டல். மூன்று இடங்களில் கேட்டதாகக் கொள்வோம். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்களே. ஓரிடத்தில் 3 இலட்சத்துக்கு 540 ரூபாய். மற்றோரிடத்தில் 5 இலட்சத்துக்கு 750. மூன்றாமிடத்தில் இரண்டரை இலட்சத்துக்கு 900. மேலோடு பார்த்தால் முதலாவதே மலிவு. இலட்சத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாவது 180, இரண்டாவது 150, மூன்றாவது 360. அப்படியானால் மூன்றாமவர் கொள்ளைக்காரரா? அவசரப்படலாகாது. அவர் விலையில் திருட்டும், மின்கருவிகளின் பழுதும் சேர்ந்திருக்கலாம். அவற்றைப் பிரித்து, அடிப்படைக்கு மட்டும் விலை சொல்லக் கேட்டபின்தான் ஒப்பிட வேண்டும். மாம்பழத்தையும் மாங்காயையும் ஒரே தட்டில் நிறுத்து விலை பேசுவாருண்டோ?

வரி ஒன்று இருக்கிறது. பிரீமியத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி வரும். ஒரு நிறுவனம் "600 ரூபாய்" என்கிறது. மற்றொன்று "எல்லாம் சேர்த்து 690" என்கிறது. முன்னதற்கு வரி 108 சேர்ந்தால் 708 ஆகும். விலை மலிவென நினைத்தது 18 ரூபாய் கூடுதலாக முடிகிறது. 18 ரூபாய் பெரிதன்று. கேள்வியைக் கேட்கும் பழக்கம்தான் பெரிது. சில நிறுவனங்கள் ஒரு குறைந்த அளவுத் தொகைக்குக் கீழே பாலிசி எழுதுவதில்லை. அத்தகைய இடத்தில் 2 இலட்சத்துக்கும் 4 இலட்சத்துக்கும் ஒரே விலையாக இருக்கக்கூடும். அப்போது குறைவாக எடுப்பதில் பொருளில்லை.

நட்டத்தின் முதற்பகுதியை நாமே தாங்க வேண்டும் என்று சில பாலிசிகள் கூறும். இதனை 'எக்ஸஸ்' என்பர். சொல்லோ 'மிகுதி' என்று பொருள்படுவது. நமக்கு நேர்வதோ குறைவு! 10,000 ரூபாய் எக்ஸஸ் உள்ள பாலிசி நூறு ரூபாய் மலிவாகக் கிடைத்தால், அந்த நூறு ரூபாய்க்காக நாம் ஒவ்வொரு இழப்பிலும் பதினாயிரம் ஏற்கிறோம் என்பதை நினைவில் இருத்த வேண்டும். சிறு குடும்பத்தின் இழப்புகளில் பல, பதினாயிரம் இருபதினாயிரம் என்னும் அளவினவே.

மொத்தத்தில், ஒரு சிறு குடும்பத்தின் வீட்டுப் பொருள்களுக்கு அடிப்படைக் காப்பீடு பல வேளைகளில் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டே அமைகிறது. இங்கே நாம் குடிக்கும் கேன் தண்ணீருக்கு ஒரு மாதம், கோடையில் இரண்டு வாரம், கொடுக்கும் தொகை அது. ஏரிகளுக்கு நடுவே இருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குவதும், அதே தண்ணீருக்கு அஞ்சிக் காப்பீடு செய்வதும் விந்தைதான்.

விலையைக் காட்டிலும் முதன்மையானது, பாலிசி எதை ஏற்கவில்லை என்பது. இதனை நான் கற்றது 2023-இல். கற்பித்தவர் என் பழைய மாணவர். அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். ஆவடிப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். என் 2015 அனுபவத்தைச் சொல்லிச் சொல்லி, 2022-இல் அவரை 3 இலட்சத்துக்குப் பாலிசி எடுக்க வைத்தேன். "எல்லாம் அடங்குமா சார்?" என்று கேட்டார். "எல்லாம் அடங்கும், தம்பி" என்றேன். வாசகத்தை நான் முழுதும் படித்திருக்கவில்லை. வகுப்பில் பாடம் தயாரிக்காமல் நுழைந்த ஆசிரியரை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அன்று நானே அப்படி நின்றேன்.

2023 திசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயல் வந்தது. தொழிற்பேட்டை குளமாயிற்று, அவர் வீட்டிலும் இடுப்பளவு நீர். அவர் நிறுவனத்துக்கு உடனே செய்தி அனுப்பினார்; நீர் வடியும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்தார்; நனைந்த எதையும் சர்வேயர் பார்க்கும் வரை எறியவில்லை. இம்மூன்றும் முறையாகச் செய்தவை. அவர் எழுதிக் கொடுத்த நட்டம் 1,40,000 ரூபாய். வந்தது 96,000.

குறைந்த 44,000 எங்கே போயிற்று? அதில் 28,000 அவருடைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிட்ட செலவு. வீட்டுப் பாலிசியில் மோட்டார் வண்டி அடங்காது. வண்டிக்கு அவர் வைத்திருந்ததோ, சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்; அது நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு ஈடு தருமேயன்றி, நம் வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் ஒரு காசும் தராது. எஞ்சிய 16,000 சலவை எந்திரம். நீர் வடிந்ததும், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் அவர் வீட்டம்மா அதனை முடுக்கிவிட்டார், மோட்டார் புகைந்துவிட்டது. மின்கசிவாலும் குறுக்கு மின்சுற்றாலும் ஒரு கருவிக்குள்ளேயே நேரும் சேதம் ஏற்கப்படுவதில்லை என்பது வாசகம். வெள்ளத்தால் கெட்டதா, முடுக்கியதால் கெட்டதா என்று சர்வேயர் கேட்டபோது, இவர் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் என்று அண்டை வீட்டார் சிலர் கூறினர். நான் கற்பித்த மாணவர் அப்படிச் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமையே. ஆயினும், "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் வண்டியப் பத்திக் கவலைப்படாம இருந்தேன்" என்று அவர் மெல்லச் சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. 28,000 ரூபாய் அவருக்கு ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை.

அதன் பின்னரே நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாலிசியின் ஒவ்வொரு வரியையும் படித்தேன். ரொக்கப் பணம் அடங்காது. பத்திரங்களும் ஆவணங்களும் அடங்கா. நகைகளுக்கு, விரும்பித் தனியே சேர்த்தால்தான் காப்பு. திருட்டைப் பொறுத்த வரையில், வெள்ளம் முதலிய நிகழ்ச்சியின் விளைவாக, அது நேர்ந்த ஏழு நாள்களுக்குள் நடந்த திருட்டே அடிப்படையில் ஏற்கப்படும். நீர் புகுந்த வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குச் சென்றிருக்கையில் களவு போதல் இவ்வகை. மற்ற நாளில் வரும் திருடனுக்குத் தனிப் பிரீமியம் வேண்டும். அதிலும், பூட்டை உடைத்தோ சன்னலைப் பெயர்த்தோ புகுந்ததற்கு அடையாளம் கேட்பர். திறந்த கதவின் வழியே கைப்பேசியை எடுத்துச் சென்றவன் அந்தக் கணக்கில் வருவதில்லை. வீடு குடியிருக்கத் தகாததாகி, வேறிடத்தில் கூடுதல் வாடகைக்குச் செல்ல நேர்ந்தால் அந்த வேறுபாட்டைத் தரும் ஏற்பாடும் பொதுப் பாலிசியில் உண்டு. ஆனால் அது கட்டடக் காப்பீட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. பொருள்களுக்கு மட்டும் எடுக்கும் குடியிருப்போர், தமக்கு அது உண்டா என்று எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுதல் நலம்.

கையெழுத்துப் படிகள் அடங்கா என்றும் ஒரு வரி இருந்தது. 2015-இல் நான் காப்பீடு செய்திருந்தாலும் என் குறிப்பேடுகளுக்கு ஒரு காசும் வந்திராது. அவ்வரியைப் படித்தபோது, ஏனோ தெரியவில்லை, எட்டாண்டுகளாக இருந்த ஒரு மனக்குறை சற்றுத் தணிந்தது.

நிறுவனம் தகாத காரணம் கூறி மறுத்தால் செல்ல வழி உண்டு. முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் மறுமொழி இல்லையெனினும், மறுமொழி நிறைவளிக்கவில்லையெனினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அவ்வலுவலகம் சென்னையிலேயே உள்ளது, கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா. ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்னும் தொலைபேசி எண்ணிலும் முறையீட்டைப் பதியலாம். என் மாணவருக்கு இவற்றுள் எதுவும் தேவைப்படவில்லை. நிறுவனம் வாசகப்படியே நடந்தது. வாசகம் தெரியாமல் வாக்குக் கொடுத்தவன் நான்.

காலத்தைப் பற்றி ஒன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்ட பின் ஏஜெண்டைத் தேடி ஓடினால் எந்த நிறுவனமும் முகம் சுளிக்கும். ஆடி கழிந்து ஆவணி பிறக்கும்போதே இதனை முடித்துவிடுதல் தகும். ஆண்டுதோறும் நினைவில் வைத்துப் புதுப்பிக்க இயலாதவர், பல ஆண்டுகளுக்குச் சேர்த்தும் எடுக்கலாம். பொதுப் பாலிசியில் பத்தாண்டு வரை இடமுண்டு. ஆனால் வாடகை வீட்டார் பத்தாண்டு ஓரிடத்தில் இருப்பது அரிது. வீடு மாறினால் புது முகவரியை நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய முகவரியில் உள்ள பாலிசி, புது வீட்டுப் பொருளுக்குத் துணைவராது. மாடி வீட்டார் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லையே என்று கேட்கலாம். மாடியிலும் சமையல் எரிவாயு இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

என் மாணவர் இப்போது முதல் மாடிக்குக் குடி மாறிவிட்டார். சென்ற ஆவணியில் புது முகவரியோடு பாலிசியைப் புதுப்பித்தார். அம்முறை என்னைக் கேட்கவில்லை. மூன்று நிறுவனங்களின் வாசகத்தையும் தாமே படித்து, இலட்சத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் வகுத்து, அத்தாளின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அடியில் மோட்டார் சைக்கிளின் முழுக் காப்பீட்டுப் பாலிசியின் படமும் இருந்தது. வகுத்தலில் ஓரிடத்தில் மட்டும் தசமப்புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்தி அனுப்பினேன்.